நாற்பத்தொரு நொடி

"ஹார்டு டிஸ்க் செத்துப்போச்சு மைனி. திருநெல்வேலிக்கே அனுப்பிப் பாத்தாச்சு. இனி அதுல இருந்து ஒரு போட்டோகூட வராது."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல." ஸ்டான்லி லேப்டாப் பையை மேசைமேல் வைத்துவிட்டு, நனைந்திருந்த தலையைக் கைக்குட்டையால் துடைத்தான்.

ஸ்ரீதேவி அந்தப் பையையே பார்த்தாள். அது விஜய்பாண்டியின் பை. அவள் கணவன் குற்றாலத்தில், ஆள் போகக் கூடாத மேல்பாறையில் இருந்து விழுந்து ஐந்து வாரம் ஆகிறது. 'தனியாகப் போனவர் வழுக்கி விழுந்தார்' என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது.

மாமியார் பேச்சித்தாய் முடிக்கவில்லை. அன்று காலையில் வீட்டில் நடந்த சண்டை அவள் காதில் விழுந்திருந்தது. "இவ சொன்ன சொல்லு தாங்காமத்தான் எம்புள்ள குதிச்சிட்டான்" என்று துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். கேட்டுக் கேட்டு, அது உண்மைதானோ என்று ஸ்ரீதேவிக்கே தோன்றத் தொடங்கியிருந்தது.

"அவிய அன்னைக்குச் சிரிச்ச மாதிரி ஒரு படம் கிடைச்சாப் போதும் ஸ்டான்லி. குதிக்கப் போற மூஞ்சி இதில்லன்னு அத்தைட்ட காட்டிருவேன்."

"போனுதான் தண்ணியோட போயிட்டே. அதுலயும் ஒரு கோடு சார்ஜ்தான் கிடந்துச்சு, என்னத்த எடுத்திருக்கப் போறாரு?" ஸ்டான்லி பெருமூச்சு விட்டான். "நான் மட்டும் அன்னைக்குப் பாவூர்சத்திரம் போகாம இருந்திருந்தா, அண்ணன்கூடப் போயிருப்பேன்."

கணவனை அண்ணனாகவும் அவளை அண்ணியாகவும் முறை வைத்துப் பழகிய அவன்தான் எல்லாவற்றுக்கும் ஓடி வந்தவன். மூன்று நாள் உடலைத் தேடியபோது பாறைப் பாறையாக அலைந்தான். பழுதான லேப்டாப்பைக்கூட அவனே கேட்டு வாங்கிக்கொண்டு போனான். தென்காசியில் பாதி வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அவன் கடை வாசலை மிதித்தவை.

ஸ்ரீதேவி எழுந்து, பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தியிடம் வாங்கி வந்திருந்த பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்தாள்.

"எனக்குக் கொஸ்டின் பேப்பர் அடிக்க அவிய மாசச் சந்தா கட்டி ஒரு சாஃப்ட்வேர் போட்டுத் தந்தாவல்லா, அதத் தொறந்து பாக்கட்டுமா?"

ஸ்டான்லி சிரித்துவிட்டான். "அதையா? ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் ஓடும், ஓசியிலயே போட்டுத் தாரேன்னேன். என் கஸ்டமர் ஒருத்தனாவது சந்தா கட்டுதானா? அண்ணன் ஒருத்தர்தான் ஏமாளி."

"உனக்கென்ன தெரியும்? கரண்டு போனாலும் அடிச்ச எழுத்து அப்படியே இருக்கும். பள்ளிக்கூடத்துல பாதி அடிச்சிட்டு, பஸ்ல வரும்போது போன்லயே மீதிய முடிப்பேன். புதுசு வந்தா அதுவே மாத்திக்கிடும். சும்மாச் சும்மா உன் கடைக்கு வர வேண்டாம்."

"அதான பாத்தேன், என் பொழப்புல மண்ணு."

ஐந்து வாரத்தில் முதல் தடவையாக அவளும் லேசாகச் சிரித்தாள்.

உள்ளே நுழைய, விஜய்பாண்டியின் எண்ணுக்கு வரும் ரகசிய எண் வேண்டும். அந்த எண்ணுக்கான டூப்ளிகேட் சிம் இன்று காலையில்தான் கிடைத்து, அவள் போனில் ஏறியிருந்தது. அவள் போன் ஒரு தடவை அதிர்ந்தது. ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

வினாத்தாள்கள் வரிசையாக வந்து நின்றன. ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, சண்டை போட்ட அன்று பாதியில் விட்ட எட்டாம் வகுப்பு.

"பாத்தியா? மெஷின் செத்தா என்ன, ஒண்ணும் போகல."

"கொஸ்டின் பேப்பர வச்சு என்ன செய்ய? நகருங்க மைனி, கடைக்குக் கொண்டுபோயி நிதானமாப் பாத்துச் சொல்லுதேன்." ஸ்டான்லியின் கை மவுசை நோக்கி வந்தது.

"பொறு. ஒரே சந்தாவுல வீட்டுக்கே உண்டுன்னு சொல்லுவாவ. அவிய போன்ல எடுக்கதெல்லாம் எடுத்த கையோட இங்கன வந்து ஏறிருமாம். இந்தா, அவிய பேரு இருக்கு."

ஸ்டான்லி கையை இழுத்துக்கொண்டான். வெளியே சாரல் கனத்திருந்தது. ஜன்னலுக்கு அப்பால் இருக்க வேண்டிய மலையை, அங்கே அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பதுபோல் மேகம் துடைத்து வைத்திருந்தது.

அவள் கணவனின் பெயரை அழுத்தினாள். சாம்பல் நிறக் கட்டங்கள் தோன்றி, ஒவ்வொன்றாக நிறம் கொண்டன. சிப்ஸ் கடையின் வாழைக்காய்க் குலை. கம்பியில் உட்கார்ந்திருந்த குரங்கு. பிறகு, அந்த நாளின் தேதி.

பாறைமேல் விஜய்பாண்டி நின்றான். இரண்டு கைகளையும் இறக்கைபோல் விரித்து, தலையெல்லாம் நீர் சொட்ட, பல் தெரியச் சிரித்தான்.

"சிரிக்காவ! ஸ்டான்லி, பாரு, சிரிக்காவ!" அவளுக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அத்தை, இங்கன ஓடி வாங்க!"

உள்ளறையில் கட்டில் முனகியது. பேச்சித்தாய் எழுந்து வரும் காலடி கேட்டது.

கடைசியாக ஒரு கட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்து, நின்றது. வீடியோ. நாற்பத்தொரு நொடி. அதே பாறை, அதே தேதி.

"வழுக்குனதுதான்னு இதுலயே இருக்கும்," என்றாள் ஸ்ரீதேவி. மவுசை நகர்த்தி அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோனாள்.

அவள் தோளுக்குப் பின்னால், மூச்சுக்குத் தவிப்பவன்போல் ஸ்டான்லியின் குரல் வந்தது.

"அதுல நானும் இருக்கேன் மைனி... தொறக்காதிய."