டிஸ்சார்ஜ் கவுண்டர்

"சிஸ்டம் ஓடலையாமே, நான் பாக்கட்டுங்களா?" என்று இனியவன் கேட்டதும், கவுண்டருக்குள் இருந்த ரஞ்சித் எழுந்தே விட்டான். "வாங்க சார். காலையிலருந்து உங்களுக்குத்தான் ஃபோன் மேல ஃபோன் போட்டுக்கினு இருக்கோம்."

பக்கக் கதவைத் திறந்து, தன் நாற்காலியையே இழுத்துப் போட்டான். விழுப்புரத்தின் அந்தத் தனியார் மருத்துவமனையில் எந்தக் காகிதமானாலும் கம்ப்யூட்டரிலிருந்துதான் வர வேண்டும். வெளியே வரிசை வாசல்வரை நின்றது.

இனியவன் பவர் பட்டனை அழுத்தினான். லினக்ஸ் சின்னம் வந்தது, கீழே ஒரு வட்டம் சுற்றியது. அதோடு சரி.

"இதேதான் சார். பத்து தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்."

இனியவன் எஸ்கேப் கீயைத் தட்டினான். சின்னம் மறைந்து, கறுப்புத் திரையில் வரிகள் இறங்கின. கடைசி வரியில் எல்லாம் நின்றுபோனது. அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். படிக்கிறானா என்றே தெரியவில்லை.

"டீ சொல்லட்டுமா சார்? சாப்ட்டீங்களா?"

"வேணாங்க. நாலு மணிக்குள்ள திண்டிவனம் போகணும். அங்க எல்லாரும் வந்து காத்துக்கினு இருக்காங்க."

"அங்கயும் இதே பேஜாருதானா?" ரஞ்சித் சிரித்தான். இனியவன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வரிசையில் முதலாவதாக நின்ற வெள்ளையம்மாள் கம்பி வழியே எட்டிப் பார்த்தாள். மகள் பெற்ற குழந்தை அவள் தோளில் தூங்கியது. "ஜல்தி பாருப்பா. பச்சப்புள்ளய வெச்சிக்கினு காணைக்கு பஸ் ஏறணும்."

"ஆயிடும்மா" என்றவன் ரஞ்சித்தைக் கேட்டான். "இதுல வெளியில ஒரு ஹார்டு டிஸ்க் மாட்டியிருந்துச்சுங்களா?"

"ஆமா சார். நேத்து சாயங்காலம் கழட்டி மாடிக்கு எடுத்துக்கினு போயிட்டாங்க."

"அதத்தான் தேடுது. அது வந்தாத்தான் மேல போவேன்னு நிக்குது."

"திருப்பிக் கொண்டாரணுமா?"

"வேணாம். இனிமே அது வராதுன்னு சொல்லிட்டா போதும்."

மறுபடி ஆன் செய்து, ரெக்கவரி மெனுவுக்குள் போனான். ரஞ்சித் சொன்ன பாஸ்வேர்டைப் போட்டு ஒரு ஃபைலைத் திறந்தான். டிஸ்க்கின் பெயர் இருந்த வரிக்கு முன்னால் ஒரு குறி வைத்தால், கம்ப்யூட்டர் அந்த வரியை விட்டுவிடும். விரல் கீயின் மேல் சற்று நின்றது. பிறகு அழுத்தினான்.

இந்த முறை வட்டம் நாலைந்து சுற்றுதான் சுற்றியது. திரை திறந்தது, பிரிண்டர் முனகியது. வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

"தப்பிச்சேன் சார்" என்றான் ரஞ்சித்.

"அந்தம்மாவுக்கு முதல்ல குடுங்க."

வெள்ளையம்மாள் காகிதத்தை வாங்கிக்கொண்டு, தூங்கும் குழந்தையின் கையைப் பிடித்து அவனுக்கு ஆட்டிக் காட்டினாள். இனியவனும் கையை ஆட்டினான்.

எழுந்து வெளியே வந்து, கவுண்டருக்கு முன்னால் நின்றான். அதற்குள் ரஞ்சித்தின் ஃபோன் அடித்தது. எடுத்துக் கேட்டவன் முகம் மாறியது.

"கம்பெனி இன்ஜினியர் பேசறாரு. இப்பத்தான் புதுச்சேரியிலருந்து கிளம்பறாராம்." ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு இனியவனைப் பார்த்தான். "அப்ப நீங்க யாரு சார்?"

"அமலாவோட ஹஸ்பெண்டுங்க. பாடி வாங்க வந்தேன்."