தொழில்: தையல்

போன் அதிர்ந்தது. திரையில் ஆறு எண்கள்.

ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் கவுன்ட்டருக்கு எதிரே, இரும்பு நாற்காலியில், அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே தங்கை கோதை. குடல்வால் வெடித்துவிட்டது. முன்பணம் நாற்பதாயிரம் கட்டினால்தான் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். கோதையின் கணவன் லாரியோடு நாக்பூர் பக்கம் எங்கோ இருக்கிறான். போனை எடுக்கவில்லை.

காலையில் தன் கணவனிடம்தான் கேட்டாள். ஆஸ்பத்திரி பணம் வாங்கும் நம்பரையும் அனுப்பி வைத்தாள்.

"அவ புருஷன் வரட்டும். பணம் என்ன மரத்துலயா காய்க்குது? நீ சம்பாதிச்சு வச்சிருக்கியா?"

இல்லைதான் என்று நினைத்திருந்தாள். அரைமணி நேரம் முன்புவரை.

ஆடிட்டர் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண், கணவனுக்கு அனுப்ப வேண்டிய வரிக் கணக்கை இவளுடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டாள்.

பெயர்: மங்கையர்க்கரசி. இவள் பேர்தான்.

தொழில்: தையல்.

ஆண்டு வருமானம்: ஆறு லட்சத்து நாற்பதாயிரம்.

வீட்டில் தையல் மெஷினே கிடையாது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கக்கூட அவள் தெருமுனை டெய்லரிடம்தான் போவாள்.

அவன் அரசு பாலிடெக்னிக்கில் வாத்தியார். சாயங்காலமானால் ஊருக்கெல்லாம் வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பான். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் வேறு தொழில் பார்க்கக் கூடாதாம். அதனால் அந்த வருமானம் அவள் பேரில். வரி அவள் பேரில். பேங்க் கணக்கும் அவள் பேரில்தான். ஏ.டி.எம். கார்டு மட்டும் அவன் பையில்.

நாலு வருஷமாக ஜூலையில் அவளுடைய போனுக்கு ஓ.டி.பி. எண் வரும். அதைச் சொன்னால்தான் வரிக் கணக்கு ஏறும். அவன் கேட்பான். பால் பொங்காமல் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. சரியான அசடு.

போன் அடித்தது.

"நம்பர் வந்துச்சா? சொல்லு. ஆடிட்டர் உக்காந்திருக்காரு. இன்னைக்குக் கடைசி நாள்."

பயம்தான். பதினெட்டு வருஷப் பயம்.

"ஆஸ்பத்திரிக்கு நாப்பதாயிரம் கட்டுங்க. சொல்றேன்."

"நேரம் பாத்துக் கழுத்தறுக்குறியா? அது என் பணம்டி."

"அப்ப உங்க பேர்லயே எழுதிக்குங்க."

மறுமுனையில் ஆடிட்டர் ஏதோ கேட்பதும், அவன் "ஒரு நிமிஷம் சார்" என்பதும் காதில் விழுந்தன.

லைன் துண்டானது.

நர்ஸ் வெளியே வந்து, பணம் கட்டியாச்சா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தப்புப் பண்ணிவிட்டோமோ.

காலில் விழுந்தாவது வாங்கியிருக்கலாமோ.

போன் அதிர்ந்தது. பழைய எண்ணுக்கு நேரம் முடிந்து, புதிதாக ஆறு எண்கள். பணம் கட்டியதாகத் தகவல் இல்லை.

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டாள்.

ஐந்து நிமிடம்.

பத்து.

"கோதைகூட வந்தவங்க யாரும்மா? பணம் ஏறிருச்சு." கவுன்ட்டரிலிருந்து கூப்பிட்டார்கள்.

எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் போன் அடித்தது.

"கட்டிட்டேன். இப்பவாவது சொல்லு மங்கை."

"இருங்க. ரசீது வரட்டும்."

அவன் லைனிலேயே இருந்தான்.