நடுங்காத கை

திரை மூடிய அறையில் மின்சாரம் போனதும், இதய அறுவை நிபுணர் தன் விலையுயர்ந்த டார்ச்சைப் பெருமையோடு எடுத்தார். அரை கிலோமீட்டர் பாயும் வெளிச்சம்.

“கிட்ட வச்சுப் பார்க்கிற வேலைக்கு இது சரிவராது,” என்றாள் எதிரில் இருந்தவள். “ஒரே இடத்துல பளீர்னு அடிக்குது, சுத்தி ஒண்ணும் தெரியல. முன்னாடி வளையத்தைத் திருப்பி விரிச்சு வைங்க.”

திருப்பினார். வெளிச்சம் மென்மையாகப் பரவியது. டார்ச்சை அவளிடம் கொடுத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.

“கரண்ட் வரட்டுமே,” என்றார்.

“அதுக்குள்ள முழிப்பு வந்துட்டா? இப்பவே முடிக்கணும்.”

“அசைஞ்ச மாதிரி இருக்கே.”

“நல்ல தூக்கம்தான். வெட்டுங்க.”

“ஒரு நூல் தள்ளிப்போனாலும் ரத்தம் வந்துரும்.”

“ஆயிரம் இதயத்தைத் திறந்த கைன்னு போன வாரம்கூட மேடையில சொன்னீங்க.”

“அது வேற.” அவர் நெற்றி வேர்த்திருந்தது. கத்தரிக்கோல் கிட்டே போய், நடுங்கி, திரும்பி வந்தது.

“இங்க கொடுங்க,” என்று டார்ச்சை அவரிடம் கொடுத்துவிட்டுக் கத்தரிக்கோலை வாங்கிய மனைவி, தன் கன்னத்தைத் தானே கீறிவைத்திருந்த இருபது நாள் மகளின் சுண்டுவிரல் நகத்தை நறுக்கினாள்.

நிபுணர் கண்களை இறுக மூடியிருந்தார்.

“முடிஞ்சுதா?”

“ஒண்ணு முடிஞ்சுது. இன்னும் ஒன்பது.”