கேட்டதற்கு மட்டும் பதில்

“ஆமா, இல்ல, தெரியாது. இந்த மூணுதான் உங்களுக்கு. நாலாவதா ஒரு வார்த்தை வந்துச்சுன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்,” என்றாள் சலவைக் கடைக்காரரின் மனைவி.

கடைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அவரைப் பேசாதே என்பதும் மூச்சு விடாதே என்பதும் ஒன்றுதான். ஆனாலும் இன்றைக்கு அடங்கித்தான் ஆக வேண்டும்.

பத்து நாளைக்கு முன்பு கடையில் தீப்பிடித்தது. சுவருக்குள் ஓடிய பழைய வயர் உருகியதுதான் காரணம் என்று தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். துணி உலர்த்தும் மெஷின் இரண்டும் போயின. இஸ்திரி மேஜையும் அலமாரியில் இருந்த வாடிக்கையாளர் துணிகளும் கரியாகிவிட்டன. இன்சூரன்ஸ் கிடைத்தால் கடையைத் திறக்கலாம். கிடைக்காவிட்டால் புருஷனும் பெண்டாட்டியும் வேறு யார் கடையிலாவது இஸ்திரி போடப் போக வேண்டியதுதான்.

மனைவி இவ்வளவு கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்பு இவர்கள் வேனை ஒரு லாரி இடித்தது. தப்பு முழுக்க லாரியுடையது. நஷ்டத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் தோளில் கை போட்டுப் பேசியதும் இவர் உருகிப்போய், மரியாதைக்காக, “நானும் கொஞ்சம் பாத்து வந்திருக்கலாம் சார்” என்று சொல்லி வைத்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு க்ளெய்மையே தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் க்ளெய்மில் அடிபட்டவர்களை எல்லாம் தேடிப் பிடித்து விசாரித்து, ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தாள்.

சர்வேயர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். தூங்கி இரண்டு நாள் ஆனது போன்ற முகம். பாவம் பார்க்க வைக்கும் வித்தை இது என்று அவள் நினைத்துக்கொண்டாள். நோட்டைத் திறந்து, அவர் பெயரையும் வந்த நேரத்தையும் அவர் கண்ணெதிரிலேயே எழுதினாள்.

அவர் கரிந்த சுவரையும் மெஷின்களையும் சுற்றிப் பார்த்தார். பத்து நாளாக ஏன் எதையும் கூட்டிப் பெருக்கவில்லை என்று கேட்டார். நீங்கள் வந்து பார்க்கும்வரை ஒரு துரும்பையும் தொடக் கூடாது என்றுதான் இருக்கிறோம், நாங்களும் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறோம் என்றாள் அவள்.

“இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

“யாரும் இல்ல சார். பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான்.”

எரிந்த பொருள்களின் பட்டியலை நீட்டினாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ரசீது எண் இருந்தது. அவர் அதை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தார்.

“ரசீதும் சேர்ந்து எரிஞ்சு போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

ஆழம் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. விற்ற கடையில் நகல் வாங்கியிருப்போம், பழைய போட்டோக்களில் பொருள் தெரிகிறதா என்று தேடியிருப்போம் என்றாள். அவர் அதை ஃபைலில் எழுதவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து அதில் குறித்துக்கொண்டார். அவள் அதையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்து அவர் கடைக்காரரிடம் திரும்பி, எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மனசு என்ன பாடு பட்டது என்று தணிந்த குரலில் கேட்டார். பத்து நாளாக யாரும் கேட்காத கேள்வி அது. கடைக்காரர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அதை ஏன் சார் கேக்கறீங்க, அன்னிக்கு நான் மட்டும்...”

மனைவி அவர் காலை மிதித்தாள்.

“தெரியாது சார்,” என்று முடித்துக்கொண்டார்.

சர்வேயர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக் கையெழுத்துக் கேட்டார். அவள் வரி வரியாகப் படித்தாள். இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. நிரப்பிய பிறகுதான் கையெழுத்து, நகல் ஒன்றும் வேண்டும் என்றாள். எல்லோரும் பேசாமல் போட்டுவிடுவார்களே என்றார் அவர். நாங்களும் ஒரு தடவை அப்படிப் போட்டவர்கள்தான் என்றாள் அவள்.

“சரி, இவ்வளவுதான் தர முடியும், இப்பவே ஒத்துக்குங்கன்னு ஒருத்தர் அவசரப்படுத்தினா?”

“யோசிச்சு எழுத்துல பதில் தர்றோம்னு சொல்லுவோம். வாயால எதுவும் ஒத்துக்க மாட்டோம்.”

துண்டுச் சீட்டில் அதுவும் ஏறியது. பிறகு அவர் கட்டங்களை நிரப்பினார், கையெழுத்து வாங்கினார், தானும் போட்டு நகலைக் கொடுத்தார். ஒரு குறையும் இல்லை, முழு நஷ்டத்துக்கும் இன்றைக்கே சிபாரிசு எழுதி அனுப்பிவிடுகிறேன் என்றார். கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடை பிழைத்துவிட்டது.

ஆனால் சர்வேயர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் பார்வை அவள் மடியில் இருந்த நோட்டிலேயே இருந்தது. அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஏதாவது விசாரிக்க வேண்டுமா என்று கேட்டாள்.

“அந்த நோட்டை ஒரே ஒரு நாள் குடுப்பீங்களாம்மா?” என்றார் அவர். “போன வாரம் என் வீடு எரிஞ்சு போச்சு. நாளைக்கு எனக்கு சர்வேயர் வர்றாரு. இருபது வருஷமா கேள்வி கேட்டுத்தான் பழக்கம், பதில் சொல்லத் தெரியல.”