கத்திரிக்காய் ஹிந்தி

டாக்டர் ஹிந்தியில் பெயரைக் கேட்டார். சேஷன் சிரித்த முகத்தோடு மனைவி பக்கம் திரும்பினார்.

"என்ன கேக்கறார், வைதேஹி?"

வைதேஹிதான் சொன்னாள். பெயர், வயது ஐம்பத்து நான்கு, லோதி ரோடு ஆபீஸ், கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ்.

அவளுடையது காய்கறி வண்டிக்காரனிடம் கற்ற ஹிந்தி. "உன் ஹிந்தி கத்திரிக்கா வாங்கத்தான் லாயக்கு" என்று கல்யாணமான நாளிலிருந்து கேலி பண்ணியவர், இன்றைக்கு அதைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலைவலி எப்போதிருந்து என்றார் டாக்டர். இரண்டு மாதம். கண்ணாடியை மாற்றிப் பார்த்தாயிற்று.

காலையில் வாந்தி? மூன்று வாரம். பித்தம் என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் கொடுத்தாள்.

ஸ்கேன் படம் வெளிச்சத்தில் மாட்டியிருந்தது. தலையின் இடது பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெளுப்பு. அது எத்தனை நாளாக வளர்கிறது என்று தெரிந்தால்தான், அடுத்து என்ன செய்வது என்று சொல்ல முடியுமாம். நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

பிறகு சேஷனைப் பார்த்துவிட்டு, இவருக்கு ஹிந்தி தெரியாதா என்று கேட்டார்.

மகன் அஷ்வத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கா? ஆட்டோக்காரர்களை அவர்கள் பாஷையிலேயே மடக்குகிறவர். ஆபீஸில் ஹிந்திக் கடிதமென்றால் அவர் மேஜைக்குத்தான் வரும்.

சிரிப்பு பாதியில் நின்றது. அப்பா இவன் முகத்தையும் டாக்டர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார், சினிமா புரியாதவர் மாதிரி.

வைதேஹி மடியிலிருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

டில்லியில் பிழைக்கத் தமிழ் எதற்கு என்று, பிள்ளை பிறந்ததிலிருந்து வீட்டில் ஹிந்தியும் இங்கிலீஷும்தான் பேசினார் அவர். சில மாதம் முன்பு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், வாடா கண்ணா, ரசம் ஆறிப்போறது என்று பிள்ளையைக் கூப்பிட்டார். அஷ்வத்துக்குப் பாதிதான் புரிந்தது. அப்பா பிடிவாதமாக விளையாடுகிறார் என்றே இன்றுவரை நினைத்திருந்தான். மறுநாளும் தமிழ். அதற்கு மறுநாளும்; இங்கிலீஷ்கூட வரவில்லை. பிறகு ஆபீஸ் போன் வந்தால் எடுக்காமல் இருந்தார். லீவு போட்டார்.

அந்தத் தமிழ் நின்றுவிடுமோ என்ற பயத்தில் வைதேஹி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். நிற்கவில்லை.

ஹிந்தி வராமல் போனது எப்போதிலிருந்து என்றார் டாக்டர்.

மார்ச் பதினொன்று என்றாள் அவள். யோசிக்கவே இல்லை.

இப்போது செப்டம்பர். எழுதிக்கொண்டிருந்த டாக்டர் தலை நிமிர்ந்து, தேதி எப்படி இவ்வளவு கச்சிதமாக நினைவிருக்கிறது என்றார்.

அதற்கு அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனோம், அதனால் என்று மட்டும் சொன்னாள்.

மீதியைச் சொல்ல அவளிடம் ஹிந்தி இல்லை. இந்த வீட்டில் ஒருநாளாவது தமிழ் கேட்க வேண்டும் என்று, அஷ்வத் பேச ஆரம்பித்த வருஷம் மலை மந்திர் முருகனிடம் வேண்டிக்கொண்டது. நூற்றெட்டுத் தேங்காய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேங்காய் மூட்டையைத் தோளில் போட்டுப் படியேறியவர் சேஷன்தான். எதற்கு இத்தனை தேங்காய் என்று அவர் கேட்கவில்லை. மேலே போய்ச் சேரும் வரை அவளோடு பேசிக்கொண்டே வந்தார்.