இடம் மாறிய மேசைகள்

உளவியல் துறையிலிருந்து மேசைகள் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன. மனைவியை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த பொறியியல் பேராசிரியர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் கட்டிக் காத்த துறை. அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"விடும்மா. சைக்காலஜி படிக்க இப்ப யாரு வரா? துறையை மூடினா மூடட்டும்."

"கொஞ்சம் கேளுங்களேன்..."

"ஒண்ணும் பேசாதே. உன் அருமை இவங்களுக்குத் தெரியலை."

"ஐயா, வழி விடுங்க. இது மருத்துவத்துக்குப் போகணும், அது சட்டத்துக்கு," என்றார் மேசை தூக்கி வந்தவர்.

"பாத்தியா, பங்கு போட்டுட்டாங்க."

அவள் சிரித்துவிட்டாள். "பங்கு போட்டது எங்களைத்தான். ஒவ்வொரு துறையும் எங்கள்ல ஒருத்தரைக் கேட்டு வாங்கியிருக்கு. விடுதிக்குக்கூட ஒருத்தர் போறாங்க. ஆளோட மேசையும் போகுது."

"அப்ப ஏன் அழுதே?"

"ஆண்டவன் கொடுத்த சந்தோஷம். சொல்ல விட்டீங்களா?"

அவர் அசடு வழிந்தார். "உன் மேசை எங்க போகுது?"

"உங்க துறைக்கு. 'நாங்க சொல்றதைப் பொறுமையா கேக்க ஒருத்தர் வேணும்'னு உங்க ஸ்டூடண்ட்ஸ் துணைவேந்தர்கிட்டயே போய்க் கேட்டாங்களாம்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, மனைவியின் நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டார். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், அவர்கள் கேட்காமலேயே, "எங்க துறைக்கு" என்று சொல்லிக்கொண்டு நடந்தார்.