இளைக்காத இடுப்பு

"இந்தா பாரு, மூச்சை இழுத்துப் பிடிச்சும் கொக்கி மாட்ட மாட்டேங்குது. மூணு மாசம் நாயா அலைஞ்சதுக்கு இதான் பலன்!"

டைலர் கண்ணாடி முன்னால் நின்று பேண்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வயிற்றை உள்ளே இழுத்ததில் முகம் சிவந்துவிட்டது.

"மாட்டும், மாட்டும். இன்னும் கொஞ்சம் இழுங்க" என்றாள் மனைவி. "இறுக்குதுன்னா நடை போதலைன்னு அர்த்தம்."

"போதலையா? தினமும் காலையில ஒரு மணி நேரம் நடக்கிறேன். பால்காரன் என்னைப் பார்த்துத்தான் மணி தெரிஞ்சுக்கிறான்!"

"தெரிஞ்சுக்கட்டும். நல்லதுதானே? கிளம்புங்க, டாக்டர் வந்திருப்பார்."

மூன்று மாதத்துக்கு முன்னால் இவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது. மாத்திரை மட்டும் போதாது, தினமும் நடங்க. மூணு மாசத்துல இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான். அப்புறம் கண்ணையும் பிடிச்சுடும்" என்று சொல்லி அனுப்பினார்.

பகல் முழுக்க ஊசியோடு குடும்பம் நடத்துகிற மனுஷருக்கு, உடம்பில் குத்துகிற ஊசி என்றால் அப்படி ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் கண். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிற கண் அது. போய்விட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். வேறு ஒரு வேலையும் அவருக்குத் தெரியாது.

போன வருஷமும் இதே டாக்டர் நடக்கத்தான் சொன்னார். இவரும் புது ஷூ வாங்கிக்கொண்டு ஜோராகக் கிளம்பினார். எல்லாம் மூன்றே வாரம். நான்காவது வாரம் ஷூ கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, இவர் கட்டிலுக்கு மேலே.

இந்த முறை ஒரு நாள்கூட விடவில்லை. அவள் விட விடவில்லை என்பதுதான் சரி. மழை என்றால் குடையை நீட்டினாள். கால் வலி என்றால் தைலத்தை நீட்டினாள். "பேண்ட் தளர்ந்துச்சா?" என்று கேட்பாள். "எங்கே தளர்ந்துச்சு!" என்பார். "அப்ப நடங்க" என்பாள். அரை மணி முக்கால் மணியாயிற்று, முக்கால் மணி ஒரு மணியாயிற்று. கடையில் காஜா எடுத்துப் பட்டன் வைப்பதோடு, வீட்டில் இந்த அதட்டலும் அவள் வேலையாகிவிட்டது.

எடை மெஷினையெல்லாம் டைலர் நம்ப மாட்டார். துணி பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. கடைக்கு வருகிறவர்கள் இடுப்பையெல்லாம் டேப்பால் வளைத்தவர், தன் இடுப்பை மட்டும் அளந்ததே இல்லை. மாற்றி மாற்றிப் போடுகிற இரண்டு பேண்ட்டுகள்தான் அவருக்கு அளவு. இரண்டுமே இறுக்கிப் பிடித்தன.

கிளினிக்கில் கூட்டம் இல்லை. நர்ஸ் எடை மெஷினில் ஏறச் சொன்னபோது டைலர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுதிக்கொண்டு அவள் உள்ளே போனதும் டைலர் மனைவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ வேணா பாரு, ஏறித்தான் இருக்கும். இடுப்பே இறங்கலை, சர்க்கரை எங்கேருந்து இறங்கும்? ஆமா, தினம் ஊசி போட உனக்குக் கை வருமா?"

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய உள்ளங்கைதான் சில்லென்று வேர்த்திருந்தது. அவளுக்கும் பயம், அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

உள்ளே, டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார். போன ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தார்.

"என்னங்க பண்ணினீங்க?"

டைலர் நாற்காலி நுனிக்கு வந்தார். "தினமும் நடந்தேன் டாக்டர். சத்தியமா! வேணும்னா இவளைக் கேளுங்க."

"கேட்கவே வேண்டாம், அதான் தெரியுதே. சர்க்கரை நல்லாக் கட்டுக்குள்ள வந்துடுச்சு. எட்டு கிலோ இறங்கியிருக்கீங்க! இப்போதைக்கு ஊசி வேண்டாம், இந்த மாத்திரையே போதும். கண்ணைப் பத்தின கவலையை விட்டுட்டு நடையை மட்டும் விடாதீங்க."

"அப்பாடா!"

மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சை டைலர் ஒரே மூச்சாக விட்டார். விட்ட வேகத்தில் பேண்ட் கொக்கி பட்டென்று தெறித்து டாக்டர் மேஜையில் போய் விழுந்தது.

"எட்டு கிலோ இறங்கினா இது ஏன் டாக்டர் இந்த இறுக்கு இறுக்குது?"

"என்னைக் கேட்டா? டைலர் நீங்கதானே!"

பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே தெருவுக்கு வந்தார். மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. டைலர் மட்டும் சமாதானமாகவில்லை. நடைபாதையிலேயே நின்று இடுப்புப் பட்டியைத் திருப்பிப் பின்தையலை விரலால் தடவினார். முப்பது வருஷமாகத் துணியைத் தொட்டே ஆளைச் சொல்கிற விரல்.

"இது என் தையல் இல்லையே" என்றார்.

"பின்னே? போன வருஷம் பேண்ட் லூஸாயிடுச்சு, இனிமே நடக்க வேண்டாம்னுதானே மூணே வாரத்துல விட்டுட்டுக் கட்டில்ல சாஞ்சீங்க?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அவள். "அதான் இந்தத் தடவை நான் லூஸாகவே விடலை. துவைச்சுத் தேய்க்கிற சாக்குல, ரெண்டு பேண்ட்டையும் வாராவாரம் கால் இஞ்ச் பிடிச்சுத் தச்சுட்டே வந்தேன்!"